நைனாவின் இரண்டாவது முட்டி

எங்கள் ஊரில் காகிதம் என்றால் பொன்னேரி ரைட்டர்தான். தாலுகா ஆபீசுக்கு எதிரே மரத்தடியில் ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய். புயலில் படகு உடைந்ததா, ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனதா, எல்லாவற்றுக்கும் அவர்தான் மனு எழுதுவார். மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியிலிருந்து எனக்கு வந்த விண்ணப்பத்தில், 'உனக்கு ஏன் இங்கே இடம் தர வேண்டும்? ஒரு பக்கம் உன் கையால் எழுதுக' என்று இருந்தது. அதைப் படித்துச் சொன்னதும் என் நைனா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"நானே எழுதுறேன் நைனா. பிளஸ் டூ பாஸ் பண்ணிக்கீறேன்ல?"

"நீ எழுதுனது பரீச்சைக்கு. ஆபீசருக்கு எழுதுறது வேற. கம்முனு வா."

எனக்கு அந்தக் கல்லூரி வேண்டும். வேண்டும் என்றால் சோறு இறங்காத அளவுக்கு வேண்டும். நாங்கள் குழம்பு வைக்கிற இறாலை அங்கே படம் வரைந்து பாகம் குறிக்கிறார்கள் என்று எங்கள் டீச்சர் சொன்ன நாளிலிருந்து விலங்கியல் பைத்தியம் பிடித்திருந்தது. பொன்னேரியிலும் கல்லூரி உண்டுதான். ஆனால் பஸ் பிடித்துப் பழவேற்காடு வந்து சேர்வதற்குள் எங்கள் கரைக்குப் போகும் கடைசிப் படகு போய்விடும். ஹாஸ்டல் இருந்தது மெட்ராஸ் கல்லூரியில்தான். அது கிடைக்காவிட்டால் வீட்டில் இறால் உரிக்க வேண்டியதுதான், பாகம் குறிக்காமல்.

நைனாவுக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தார். "இன்னா கேள்வி இது? உனக்கு ஏன் தரணும்னு எவனாவது கேப்பானா? முறை வந்தா தரணும். வரலைன்னா உக்காந்திருக்கணும்."

அவர் சொன்னது பாட்டு முறையை. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களைப் பாடு என்பார்கள். அங்கே இன்றைக்கு ஒரு கூட்டம் வலை கட்டினால் நாளைக்கு அடுத்த கூட்டம். நேற்றுப் பிடித்தவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இன்று கரையில் உட்கார வேண்டும். நான் கெட்டிக்காரன், எனக்குக் கொடு என்றோ, வீட்டில் கஷ்டம், எனக்குக் கொடு என்றோ அங்கே யாரும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் ஊரே சிரிக்கும்.

ரைட்டர் விண்ணப்பத்தை மேலும் கீழும் பார்த்தார். என் கையால் எழுத வேண்டும் என்பதால் டைப்ரைட்டரை நகர்த்திவிட்டு, என்னை எதிரே உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"பாப்பா, மொத வரியில கால்ல வுழணும். ரெண்டாவது வரியில கண்ணீர். மூணாவது வரியில வூட்ல ஒருத்தருக்கு சீக்கு. இது மூணும் இல்லாத மனு எந்த ஆபீசுலயும் நகராது."

"எனக்கு விலங்கியல் புடிக்கும்னு எழுதலாமா சார்?"

"புடிக்கும், புடிக்காது எல்லாம் அவங்களுக்கு எதுக்கு?" என்றவர் நைனா பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னாபா சீக்கு?"

"எனக்கா? கல்லு மாதிரி கீறேன்."

"கல்லு மாதிரி கீறவன் பொண்ணுக்கு எதுக்குபா எடம் குடுப்பாங்க? டி.பி.னு போடட்டுமா?"

நைனா எழுந்தே நின்றுவிட்டார். "டி.பி.னு போட்டா எவன் என் படகுல ஏறுவான்? பேஜாரு பண்ணாத ரைட்டரே."

"மூச்சிரைப்பு?"

"அதெல்லாம் ஒத்துக்க மாட்டேன்."

"அப்ப வூட்டுக்காரம்மா...?"

"அவ காதுல வுழுந்தா படகு ஏறி வந்து உன் மேசையக் கவுத்துடுவா."

அரைமணி நேரம் பேரம் நடந்தது. மீன் ஏலத்தில்கூட நைனா அப்படி மல்லுக்கட்டி நான் பார்த்ததில்லை. கடைசியில் முட்டிவலிக்கு இறங்கி வந்தார். அதுவும் ஒரு முட்டி. இடது முட்டி. மழைக்காலத்தில் லேசாக வலிக்குமாம், அதனால் பொய் இல்லையாம்.

பேரத்தை முடித்த சந்தோஷத்தில் அவர் டீ குடிக்கப் போனார். ரைட்டர் குனிந்து, "ரெண்டு முட்டியும் போச்சுனு எழுதிக்கோ பாப்பா. ஒத்த முட்டிக்கு யாரும் எரங்க மாட்டாங்க," என்றார். எழுதிக்கொண்டேன். என் முட்டியா போகிறது? சிரிக்காதீர்கள், அவர் எழுதிய மனுவில்தான் எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாயே வந்தது. 'தங்கள் பொற்பாதங்களைக் கண்ணீரால் நனைக்கும் அடியாள்' என்று ஆரம்பித்து, 'இரு முழங்கால்களும் செயலிழந்த தந்தையின் ஒரே நம்பிக்கை' என்று முடித்தேன். விலங்கியல் எங்கேயும் இல்லை.

நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தகப்பனாரும் வர வேண்டுமாம். கல்லூரி முதல்வரின் அறை மாடியில். நைனா படகுக்குள் தாவுகிறவர் மாதிரி இரண்டிரண்டு படியாக ஏறிப் போய் மேலே நின்று, "இன்னா மெதுவா வர?" என்று சத்தம் போட்டார். அறைக் கதவு திறந்திருந்தது. முதல்வரம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு ரெண்டு முழங்காலும் செயலிழந்துபோச்சுன்னு இதுல இருக்கே?" என்று கேட்டார்.

நைனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒண்ணுதாம்மா! ஒரு முட்டிக்குத்தான் பேச்சு. ரெண்டாவத நான் ஒத்துக்கவே இல்ல."

எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. முதல்வரம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு நான் எழுதிய பக்கத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது கிடக்கட்டும். நீ சொல்லு. உன்னைவிட அதிக மார்க் வாங்கினவங்க வெளியில உட்கார்ந்திருக்காங்க. உனக்கு ஏன் இடம் தரணும்?" என்றார்.

பொற்பாதம் ஞாபகம் வந்தது. வாயில் வரவில்லை. பஸ்ஸில் நைனா பொருமியதுதான் வந்தது.

"எங்க ஏரியில முறை வெச்சுதான் மேடம் புடிப்பாங்க. நேத்துப் புடிச்சவங்க இன்னிக்கு உக்காரணும். இந்தக் காலேஜ்ல இத்தனை வருஷமா மெட்ராஸ் பொண்ணுங்கதான் படிக்கிறாங்க. எங்க ஊர்லேர்ந்து ஒரு பொண்ணுகூட எந்தக் காலேஜுக்கும் போனதில்ல. மார்க் பாத்தா அவங்களுக்குக் குடுங்க. முறை பாத்தா, இப்ப முறை எங்களுது."

முதல்வரம்மா என்னை விட்டுவிட்டு நைனாவைப் பார்த்தார்.

"உங்க ஊர் வழக்கம் அப்படியா? அந்த முறையில பொண்ணுங்களுக்கும் பங்கு உண்டா?"

போச்சு என்று நினைத்தேன். பாட்டு முறையில் ஆண்களுக்கு மட்டும்தான் பெயர். பெண்கள் ஓரத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கலாம், அவ்வளவுதான். இது ஏரியில் இருக்கிற நண்டுக்குக்கூடத் தெரியும். அதுவும் ஒரு முட்டிக்கு மேல் பொய் சொல்ல மாட்டேன் என்று அரைமணி நேரம் மல்லுக்கட்டிய மனிதரிடம் போய்க் கேட்கிறார்.

நைனா என்னைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார்.

"உண்டும்மா," என்றார். "பொண்ணுங்களுக்கும் உண்டு. ஆதியிலேர்ந்து எங்க ஊரு வழக்கம் அது."

முதல்வரம்மா கையெழுத்துப் போட்டு, கீழே ஆபீசில் கொடுக்கச் சொன்னார். ஹாஸ்டலும் சேர்த்து. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

படியில் இறங்கும்போது பார்த்தால், நைனா இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இறங்குகிறார்.

"நைனா, எடம்தான் கெடச்சுடுச்சே. இன்னும் இன்னாத்துக்கு?"

"அந்தம்மா மேலேர்ந்து பாக்குதா பாரு."

திரும்பிப் பார்த்தேன். முதல்வரம்மா மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"பாக்குறாங்க."

"அப்ப கம்முனு வா," என்று சொல்லிவிட்டு, நைனா இரண்டாவது முட்டியையும் பிடித்துக்கொண்டார்.