அம்மனுக்கு முதுகு காட்டிய கலையரங்கம்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். திருப்பதியிலிருந்து வந்திருந்த ஓர் உயரதிகாரி, அரசாங்கம் புதிதாகக் கட்டிக்கொடுத்த கலையரங்கத்துக்கு ரிப்பன் வெட்டினார். வெட்டிவிட்டு, அதே கலையரங்கத்தின் பின்பக்கச் சுவரைப் பார்த்தபடி சோபாவில் உட்கார்ந்தார். முன்பக்கத்தை அல்ல... பின்பக்கத்தை.

அவருக்கு இந்தப் பக்கம் சிராவணி. அவளுக்கு இந்தப் பக்கம் நான். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒரு நிலைமை எப்படி வந்தது? முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேனே.

என் புகுந்த ஊர் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கம். வீட்டுக்காரரும் நானும் திருப்பதிக்குக் குடிவந்து வெகு காலம் ஆகிறது. ஊரில் இருப்பது என் கொழுந்தன் கஜேந்திரன். மாந்தோப்பு குத்தகை எடுப்பது பிழைப்பு. துரியோதனன் வேஷம் கட்டுவது உயிர். திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் நடக்கும் பாரதக் கூத்தில் அவன்தான் துரியோதனன். கிரீடத்தை வைத்துவிட்டால் பெண்டாட்டி செல்வியைக்கூட ‘யாரம்மா நீ’ என்று கேட்பான்.

கூத்து நடப்பது அம்மன் கோயிலுக்கு எதிரே, மண் தரையில். மழை வந்தால் சேறு. கரண்ட் போனால் இருட்டு. ஒரு மேடை வேண்டும் என்று கஜேந்திரன் எழுதிக் கொடுத்தான். கலைக்கென்று இருக்கிற ஒரு அரசுத் துறைக்கு... பெயர் வேண்டாமே, எனக்கும் வாரா வாரம் பத்தி எழுத வேண்டியிருக்கிறது.

எழுதிக் கொடுத்த பிறகுதான் வேடிக்கை. ‘தமிழில் ஆடுகிற கூத்தா? அப்படியானால் தமிழ்நாட்டில் போய்க் கேளுங்கள்’ என்றார்கள். அதையும் நம்பி ஒருமுறை திருத்தணிப் பக்கம் போய்க் கேட்டான். ‘நீங்க ஆந்திராவாச்சே’ என்றார்கள். பாட்டெல்லாம் தமிழ், பகடியெல்லாம் தெலுங்கு, ஆடுகிறவன் ஆதார் அட்டை ஆந்திரா. இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

நடுவில் மாவட்டத்தைப் பிரித்தார்கள். ஊர் சித்தூரிலேயே நின்றுவிட்டது. ஃபைல் மட்டும் திருப்பதிக்குப் போய்விட்டது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவள்தான் சிராவணி. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண். ஸ்ரீகாகுளத்துக்காரி, அந்தத் துறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். தமிழ் ஒரு வார்த்தை வராது. அவளும் மற்றவர்களும் தெலுங்கில் பேசியதையெல்லாம் இங்கே நான் தமிழாக்கித்தான் தருகிறேன்.

“ஆன்ட்டி, ஒரு ஸ்கீம் இருக்கு. ‘அழிந்துவரும் கலைகளைக் காப்போம்’னு பேரு. அதுல உங்க ஊரைச் சேர்த்துடலாம்” என்றாள்.

கஜேந்திரனுக்குக் கோபம் வந்துவிட்டது. “யாரு அழிஞ்சிக்கினு கீறா? மாசி தொட்டு ஆடி வரிக்கும் எங்களுக்கு ஒரு நாள் ஓய்வில்ல. போன வருசம் வெதுருகுப்பத்துல தேதி குடுக்க முடியாம சண்டையே வந்துச்சு. நாங்க நல்லாத்தான கீறோம் அண்ணி?”

நல்லா இருக்கிறவர்களுக்கு ஸ்கீம் இல்லையே! அரசாங்கம் எப்போதும் அப்படித்தான். படுத்திருப்பவனுக்குத்தான் கட்டில் தரும். நிற்கிறவனுக்கு வேண்டுமென்றால் அவனும் கொஞ்சம் படுக்கத்தான் வேண்டும். ‘பேப்பர்ல மட்டும் அழிஞ்சுக்கப்பா’ என்று நான்தான் சமாதானம் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

ஜமீன் காலத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? கார்வேட்டிநகரத்து ஜமீன் பாட்டையும் நாட்டியத்தையும் வளர்த்தது என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்வார்கள். வளர்த்திருக்கும். பாட்டில் எங்கேயாவது ராஜா பெயரும் வந்திருக்கும். இப்போது ராஜா பெயருக்குப் பதிலாக பிளாஸ்டிக் ஒழிப்பு வர வேண்டும். ஆமாம்... கூத்துக்கு நடுவே பிளாஸ்டிக் வேண்டாம் என்று சொன்னால்தான் உதவி என்பது ஸ்கீமின் நிபந்தனை. கொடுக்கிறவர் மாறுகிறார், வழக்கம் மாறவில்லை.

சரி, மேடை வந்தது. கோயிலுக்கு எதிரே இருந்த மைதானத்தில், ஆடுகளத்தைத் தாண்டி, ரோட்டை ஒட்டி இடம் அளந்தார்கள். தூண் எழுந்தது, கூரை வந்தது, டைல்ஸ், வரிசையாக ஃபேன். திறப்பு விழாவுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. திருவிழா கொடி ஏறியிருந்த சமயம். அன்றைக்குத் துரியோதனன் சபைக் காட்சியை ஒரு மணி நேரம் ஆட வேண்டும். மேடை நன்றாகப் பயன்படுகிறது என்று உயரதிகாரி பார்த்து ஓகே சொன்னால், கஜேந்திரனின் குழு துறையின் பட்டியலில் ஏறும். வருஷா வருஷம் திருவிழாவுக்கு உதவி வரும். பயன்படவில்லை என்றால் குழு அவுட். மேடை மாங்காய்க் கூடை அடுக்குகிற குடோனாகிவிடும்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் சிராவணியும் நானும் ஊருக்குப் போனோம். மேடை மேல் ஏறி நின்று பார்த்தோம். முன்னால் ரோடு, பஸ், டீக்கடை. நன்றாகத்தான் இருந்தது.

“கோயில் எங்கே?” என்றாள் சிராவணி.

“பின்னால” என்றான் கஜேந்திரன். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்துக்கு முதல் ரசிகை திரௌபதி அம்மன்தான். அவளுக்கு முகம் காட்டித்தான் ஆட வேண்டும். நாமெல்லாம் ஓரமாக உட்கார்ந்து, அவள் பார்ப்பதைப் பார்க்கிறவர்கள். இந்த மேடையோ அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்கிறது. காரில் போகிறவர்கள் பெயர்ப் பலகையைப் படிக்க வேண்டாமா? துறையின் பிளான் அப்படி. எல்லா ஊருக்கும் ஒரே பிளான்.

“அஸ்திவாரம் போட்டப்பவே சொல்லியிருக்கலாமே” என்றாள் சிராவணி. பாவம், அழுகிற மாதிரி இருந்தாள்.

“எப்டி சொல்றது மேடம்? வாயத் தொறந்தா மேடையே பக்கத்து ஊருக்குப் போயிடும்னு பயம். ஊரே பாத்துக்கினு இருந்துச்சு. கொத்தனாருங்களுக்கு நாங்கதான் டீ வாங்கிக் குடுத்தோம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஒரு ஊரே கூடி நின்று, தப்பான பக்கம் எழும்புகிற சுவருக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறது. இலவசமாக வருவதைக் குறை சொன்னால் பறிபோய்விடும் என்கிற பயம் எங்கள் ஜனங்களுக்கு ரத்தத்திலேயே உண்டு. இல்லாமல் இருந்து பழகியவர்களுக்குத்தான் அது புரியும்.

பின் சுவரை இடிக்கலாமா? அரசாங்கச் சொத்து, கை வைத்தால் கேஸ். உற்சவ அம்மனை எடுத்து வந்து மேடைக்கு முன்னால் வைக்கலாமா? கேட்டது நான்தான். கஜேந்திரன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

“காப்பு கட்டியாச்சு அண்ணி. நமக்குத் தோதா இல்லன்னு அம்மாவை எந்திரிச்சு வான்னு கூப்புடறதா? கலெக்டர் வந்தா நாம எந்திரிச்சுப் போவோம். அம்மா எந்திரிச்சு வருவாளா?”

“அப்போ மேடையில ஆட மாட்டீங்களா?” என்றாள் சிராவணி.

“அம்மாவுக்கு முதுகு காட்டி ஆட மாட்டேன். பட்டியலும் வேணாம், ஒண்ணும் வேணாம்.” சித்தூருக்கும் திருப்பதிக்கும் வருஷக்கணக்கில் அலைந்தவன் அவன். ஆசைப்பட்டதை அவன் வாயாலேயே வேண்டாம் என்று சொல்வதைக் கேட்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதுவரை துடைப்பத்தோடு மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்த என் ஓரகத்தி செல்வி நிமிர்ந்தாள்.

“அக்கா, மேடைய கூத்துக்கு யூஸ் பண்ணணும், அவ்ளோதானே?”

“ஆமாம்.”

“வேஷம் கட்றதும் கூத்துதானே? எல்லாரும் இது மேல உக்காந்து வேஷம் கட்டட்டும். ஃபேன் கீது, லைட் கீது. கட்டிக்கினு இறங்கிப் போயி, எப்பவும் போல கோயிலுக்கு எதுருல ஆடட்டும். ஆபீசருக்கு அந்தப் பக்கம் சோபா போடுங்க.”

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். சிராவணி போனில் ஸ்கீம் ரூலைத் திறந்து பார்த்தாள். பிறகு, “ரூல்ல மேடை எந்தப் பக்கம் பயன்படணும்னு எழுதலை ஆன்ட்டி” என்றாள். அரசாங்க வேலையில் இவள் ரொம்ப தூரம் போவாள் என்று அப்போதே தெரிந்தது.

ஆக, மறுநாள். ரிப்பன் வெட்டியது மேடைக்கு முன்னால். ‘இப்படி வாங்க சார்’ என்று உயரதிகாரியைச் சுற்றி அழைத்துவந்து உட்கார வைத்தது மேடைக்குப் பின்னால், கோயில் பக்கம். அவர் சுவரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் பயமாக இருந்தது.

மத்தளம் அடித்து முடித்ததும் கட்டியக்காரன் வந்தான். கூத்தில் கதையை அறிவிக்கிறவனும் அவன்தான், கோமாளியும் அவன்தான். எங்கள் ஊர்க் கட்டியக்காரன் சுப்பிரமணி பகலில் புத்தூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். ‘ராஜா வர்றாரு, பிளாஸ்டிக் கவர் வெச்சிருக்கிறவங்க ஒளிச்சு வெச்சுக்குங்க’ என்று நிபந்தனையை முதலிலேயே தீர்த்துவிட்டான். துரியோதனன் வந்தான். முதல் வேலையாக அம்மனைப் பார்த்துக் கிரீடத்தோடு குனிந்து கும்பிட்டான். எத்தனையோ வருஷமாகப் பார்க்கிறேன்... அன்றைக்கு என் கண் கலங்கிவிட்டது.

அத்தோடு கதைக்குள் போயிருக்கலாம் இல்லையா? கட்டியக்காரன் வாயை யார் கட்டுவது? ஆபீசருக்குப் புரியட்டும் என்று தெலுங்கில் வேறு ஆரம்பித்தான்.

“மகாராஜா, தங்களுக்கு அரமனை இல்லியா? ஏன் மண்ணுல நின்னுக்கினு கீறீங்க?”

கஜேந்திரனும் அசரவில்லை. கிரீடம் வைத்தாகிவிட்டதே. “கீதுடா. பின்னால பாரு. டைல்ஸ் போட்ட அரமனை.”

“அப்புறம் இன்னாத்துக்கு இங்க?”

“அரமனைக்கு மூஞ்சி அந்தப் பக்கம். எங்கம்மாவுக்கு மூஞ்சி இந்தப் பக்கம். நடுவுல நான் இன்னாடா பண்றது?”

ஊரே சிரித்தது. உயரதிகாரி சிரிக்கவில்லை. எழுந்தார். விறுவிறுவென்று சுவரைச் சுற்றி முன்பக்கம் போனார். பின்னாலேயே நாங்கள் ஓடினோம். மத்தளம் நின்றுவிட்டது.

மேடையில் பார்த்தால்... தருமனுக்கு ஒருவர் மூக்கில் அரிதாரம் தடவிக்கொண்டிருந்தார். திரௌபதி வேஷக்காரர் ஃபேனுக்குக் கீழே மல்லாந்து படுத்து புடவை கசங்காமல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார். சகுனி டீயில் பிஸ்கட் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அப்படியே உறைந்துவிட்டார்கள்.

“இந்த பிளானை ஊர்ல காட்டிக் கேட்டது யாரு?” என்றார் அதிகாரி.

சிராவணி முன்னால் வந்தாள். “யாரும் கேக்கலை சார். நாங்க கேட்டிருக்கணும்.”

தலையில் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியுமாக ஓடிவந்த கஜேந்திரன் கையைக் கூப்பினான். “அந்தப் பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க சார். பாத்துக்கினு இருந்தும் நாங்க சொல்லல. மேடை போயிடும்னு பயந்துட்டோம்.”

துரியோதனனே இறங்கிவந்து மன்னிப்புக் கேட்டால் யாருக்குத்தான் மனசு இளகாது? அதிகாரி மேடையை இன்னொரு தரம் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். சகுனியைப் பார்த்தார்.

“மேடை ஃபுல்லாத்தான் இருக்கு. பயன்பாட்டில் உள்ளதுன்னு எழுதிக்கோம்மா” என்றார். பிறகு துரியோதனனிடம், “போய் ஆடுங்க. பாதியில விட்டுட்டு வந்துட்டீங்க” என்றார். ஒரு மணி நேரம் என்று போட்ட நிகழ்ச்சியை இருட்டுகிற வரை உட்கார்ந்து பார்த்தார். குழு பட்டியலில் ஏறிவிட்டது. அன்று செல்வி எல்லோருக்கும் பாயசம் வைத்தாள். சிராவணிக்கு மட்டும் இரண்டு டம்ளர்.

காரில் ஏறும்போது அதிகாரி சொன்னாராம், ‘இந்தத் தப்பு இனி எந்த ஊரிலும் நடக்கக்கூடாது’ என்று. நல்ல மனிதர். அரசாங்கம் காது கொடுத்துக் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நானும் சிராவணியும் திருப்பதி வரை பேசிக்கொண்டே வந்தோம்.

போன வாரம் அந்தத் துறையிலிருந்து எல்லா ஊர்களுக்கும் ஓர் உத்தரவு போயிருக்கிறது: இனிமேல் கட்டப்படும் கலையரங்குகள் அனைத்தும் திரௌபதி அம்மன் கோயிலைப் பார்த்தபடியே அமைய வேண்டும்.

நேற்றுக் காலை குடுபல்லிப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து சிராவணிக்கு போன். கோலாட்டம் ஆடுகிற ஊர். மேடைக்குப் பாதி அஸ்திவாரம் போட்டாகிவிட்டதாம். உத்தரவைப் பார்த்துவிட்டு இன்ஜினீயர் வேலையை நிறுத்திவிட்டாராம். அங்கே திரௌபதி அம்மன் கோயிலே கிடையாது.

கோயில் கட்ட ஏதாவது ஸ்கீம் இருக்கிறதா என்று சிராவணி இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள்.