ஓரத்தில் நின்றவர்களுக்கு முகம் வந்த கதை

எஸ்டேட் குரூப் போட்டோவைக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் காலை, ஸ்டுடியோ கதவைத் திறந்தால் வாசலில் மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். பக்கத்துத் தலைச்சோலை ஊர்க்காரர்கள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்கள். அவர்களில் மூத்தவர் மாதம்மா.

"அம்மிணி, படத்துல எனக்கு மூஞ்சியே இல்லீங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நடுவுல நிக்கறவங்களுக்கு மீசை மயிரு கூட எண்ணலாம்ங்க. ஓரத்துல நாங்க மூணு பேரும் பனிக்குள்ள நிக்கற மாதிரி இருக்குதுங்க. நான் இந்தத் தோட்டத்துல சேந்தப்போ மேனேஜர் பள்ளிக்கூடம் போயிட்டு இருந்திருப்பாரு."

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஏற்காட்டில் எங்கள் ஸ்டுடியோவில் காசிம் அண்ணன் படம் எடுப்பார். தங்கையான நான் டார்க்ரூமில், நெகட்டிவை என்லார்ஜரில் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுவேன். அதுவரை எங்கள் படங்கள் போஸ்ட்கார்டு அளவு, மிஞ்சினால் சின்ன பிரேம் அளவுதான். குறைந்த வெளிச்சத்திலும் படம் விழும் வேகமான பிலிம் போடுவோம். பெரிதாக்கினால் படமெங்கும் ரவை தூவியதுபோல் கிரெய்ன் தெரியும். லென்ஸ் நல்லதா கெட்டதா என்று கேட்க அந்த ரவை இடம் கொடுத்ததில்லை.

எஸ்டேட் மேனேஜர் ஓய்வு பெறுகிறார், ஆபீஸ் சுவரில் மாட்ட மூன்றடி அகலத்தில் குரூப் போட்டோ வேண்டும் என்று ஆர்டர் வந்ததும், அண்ணன் மெட்ராசிலிருந்து நுண்மையான ஸ்லோ பிலிம் வரவழைத்தார். கிரெய்னே தெரியாதாம். ஒரு வாரம் அதே பேச்சு.

"இந்த பிலிம்ல எறும்போட மீசை கூட விழும் புள்ள!"

ஸ்லோ பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். அன்று ஏற்காட்டில் வெளிச்சத்தைத் தவிர எல்லாம் இருந்தது. மூடுபனியில் அண்ணன் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து எடுத்தார். பிரிண்ட் போட்ட நானும் மேனேஜரின் மூக்குக் கண்ணாடி விளிம்பு பளிச்சென்று விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, திருப்தியாகக் கழுவிக் காயப்போட்டேன். ஓரத்தை நான் பார்க்கவேயில்லை. அதை இன்றும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

மாதம்மா சொன்னதை அண்ணனிடம் சொன்னேன்.

"எறும்பு மீசை இருக்கட்டும் அண்ணே, மாதம்மாக்கா மூக்கு எங்க?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என் லென்ஸை ஒண்ணும் சொல்லாதே. உன் என்லார்ஜர்தான் கோளாறு."

அந்த லென்ஸை அவர் பச்சைக் குழந்தைக்கு முகம் துடைப்பதுபோலத் துடைப்பார். அதனால் வாயால் சொல்லிப் பயனில்லை. அவரை டார்க்ரூமுக்குள் இழுத்துப் போனேன். நெகட்டிவின் ஓரம் என்லார்ஜர் லென்ஸுக்கு நேர் கீழே, நடுவில் வரும்படி நகர்த்தி வைத்தேன். பலகையில் விழுந்த பிம்பத்தை பூதக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். பிலிமின் பொடிக் கிரெய்ன் ஊசிமுனையாக இருந்தது. மாதம்மாவின் முகம் மட்டும் கரைந்திருந்தது.

"கிரெய்ன் கூர்மையா இருந்தா என்லார்ஜர் சரியா இருக்குன்னு அர்த்தம். முகம் மங்கினது கேமராவுக்குள்ளயே," என்றேன்.

அண்ணன் நெகட்டிவை நகர்த்தி நடுவையும் ஓரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "லென்ஸ் எப்பவும் இப்படித்தான் இருந்திருக்குது போல. நாமதான் பாக்கல," என்றார்.

மேனேஜர் சனிக்கிழமை மலையிறங்குகிறார். வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் கையில் இருந்தது. கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் அண்ணனே போய், "தப்பு எங்களோடதுங்க, இன்னொரு தடவை எடுக்கோணும்" என்று கேட்டுச் சம்மதம் வாங்கினார்.

இந்த முறை ஸ்டாண்டு போட்டு, லென்ஸின் வாயைப் பதினொன்று என்ற எண்ணுக்குச் சுருக்கினார்; முழுக்கத் திறந்தால் ஓரம்தான் முதலில் மங்கும். பின்னால் தள்ளிப்போய், படத்தின் இரு ஓரத்திலும் வெறும் காப்பிச் செடிகள் விழும்படி நின்றார். மங்குவது செடியாக இருக்கட்டும் என்று கணக்கு. ஆட்கள் சின்னதாக விழுந்தாலும் அந்த நுண்மையான பிலிம் தாங்கும். பிறகு எல்லோரும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி வரிசையை வில்போல வளைத்து, ஓரத்தில் நின்றவர்களை முன்னால் வரச் சொன்னார்.

ரைட்டருக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, பழம் பறிக்கறவங்க மேனேஜருக்கு முன்னால நின்னா நல்லாவா இருக்குங்க?"

"லென்ஸுக்கு உத்தியோகம் தெரியாதுங்க. தூரம்தான் தெரியும்," என்றார் அண்ணன்.

ஷட்டர் அரைக்கால் செகண்டு திறந்திருக்கும், அசையக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. பனி விலகக் காத்திருந்து எட்டுப் படம் எடுத்தோம். தொழிலாளிகள் எண்பது பேரும் தூண்மாதிரி நின்றார்கள். ஏழு படத்தில் ஒருவர் அசைந்திருந்தார். மேனேஜர். எட்டாவது தப்பியது.

பிரிண்ட் ஈரமாக இருக்கும்போதே முதலில் நான்கு மூலையையும் பார்த்தேன். அடுத்துதான் நடுவை.

சனிக்கிழமை காலை எஸ்டேட் ஆபீசில் படத்தை மாட்டினோம். மாதம்மா கிட்டப் போய் நின்று தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க அம்மிணி, மூஞ்சி கேட்டேன், சரி. இத்தனை சுருக்கமுமா கேட்டேன்?"

சொல்லிவிட்டு, வீட்டில் வைக்க ஒன்று வேண்டும் என்று சின்னப் பிரிண்ட் கேட்டு வாங்கிப் போனார்.

இப்போது பேரப்பிள்ளைகள் புதுக் கேமராவின் மெகாபிக்சலை அடுக்கும்போது எனக்கு அண்ணனின் எறும்புதான் ஞாபகம் வரும். பிலிமோ சென்சாரோ, அது நுண்மையாக ஆக ஆக லென்ஸின் குறையையும் நம் கவனக்குறைவையும் சேர்த்தே காட்டும். புதிதாக எது வாங்கினாலும், செய்தித்தாள் ஒன்றைச் சுவரில் விரித்து ஒட்டி ஒரு படம் எடுங்கள். நடுவில் இருக்கும் தலைப்பைப் படித்து மகிழ்ந்துவிடாதீர்கள். மூலையில் உள்ள பொடி எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.