நேரில் பார்வையிடப்பட்டது

இதை நம்பச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். ஆனால் பொய் சொல்கிறவன் தன்னை நல்லவனாகக் காட்டித்தான் சொல்வான். இதைச் சொன்னால் என் மானம்தான் போகும். கடவுளுக்குப் பயந்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பழைய தெருக்களைப் பாதுகாக்கும் குழுவில் எனக்கு வேலை. அந்தத் தெருக்களில் குழுவைக் கேட்காமல் ஒரு கதவின் நிறத்தைக்கூட மாற்ற முடியாது. மனு வந்தால் நான் அந்த வீட்டுக்குப் போக வேண்டும். பார்த்துவிட்டு, 'நேரில் பார்வையிடப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று ஒரு மாடி வீடு. மேல் அறையின் தெருப்பக்கச் சுவரில் ஜன்னல் திறக்க வீட்டுக்காரர் அனுமதி கேட்டிருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறாராம். நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று இருபது. கொத்தனார் சாவியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். போன தடவை அடைக்கச் சொன்னீங்க, அடைச்சேன். இப்ப திறக்கச் சொல்லுங்க, திறக்கிறேன். உங்க புண்ணியத்துல என் பொழப்பு ஓடுது."

"போன தடவையா?"

"இதே சுவருதான் சார். ஒன்பது மாசம் ஆச்சு."

அப்போதுதான் நினைவு வந்தது. மாடியில் குடியிருக்கும் தையல்காரர் பழைய சுவரை உடைத்துப் புதிதாக ஜன்னல் வைத்துவிட்டார், அதை அடைக்க உத்தரவு வேண்டும் என்று இதே வீட்டுக்காரர் எழுதியிருந்தார். அன்று நல்ல மழை. ஒரு ஜன்னலுக்குப் போய் யார் நனைவது என்று, நாற்காலியை விட்டு எழாமலே 'நேரில் பார்வையிடப்பட்டது' என்று எழுதினேன். குடையை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்திருந்தால் போதும்.

"அந்த ஜன்னல் வீடு கட்டினப்பவே வெச்சது சார்," என்றார் கொத்தனார். "அந்த மரச்சட்டத்தைப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்."

"தையல்காரர் இப்ப எங்கே?"

"உலகத்தையே காலி பண்ணிட்டாரு. மூச்சிழுப்பு சார் அவருக்கு. அந்த ஜன்னல் கம்பியில முகத்தை வெச்சாத்தான் காத்து. கடைசிக் கல்லு வைக்கறப்போ, 'யாராவது வந்து பாத்தாங்களாப்பா?'ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். இருபதாம் நாள் போயிட்டாரு. வீட்டுக்காரருக்கு அறை காலியாகணும், ஆயிடுச்சு."

தனியாக மாடி ஏறினேன். மூன்று முப்பத்தைந்து.

கதவைத் தவிர அந்த அறைக்கு வேறு திறப்பே இல்லை. விளக்கைப் போட்டேன். எரியவில்லை. ஆனாலும் அறை நன்றாகத் தெரிந்தது.

தரையில் வெயில் விழுந்திருந்தது. நீள்சதுரமாக. நடுவே நான்கு கம்பிகளின் நிழல்.

திரும்பிச் சுவரைப் பார்த்தேன். வெள்ளையடித்த முழுச் சுவர். ஊசி நுழையவும் இடமில்லை.

மறுபடி தரையைப் பார்த்தேன். கம்பிகளின் நடுவே ஒரு தலையின் நிழல் வந்திருந்தது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

ஹ்ஹ்... ஈஈ... ஹ்ஹ்... ஈஈ...

இழுத்து இழுத்து விடும் மூச்சு. என் காதருகே.

டக்.

வெயிலின் ஓரம் இருண்டது. ஒரு கல் அளவு.

டக்... டக்...

அடுத்த கல். அதற்கடுத்தது. கூடவே என் மார்பும் அடைத்தது. வாயைத் திறந்தேன். காற்று வரவில்லை.

"வந்துட்டீங்களா சார்?"

கோபக் குரலாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மரியாதையாக இருந்தது.

"பாத்தீங்களா?"

தலையாட்டினேன்.

"வாயால சொல்லுங்க."

"பாத்... தேன். ஜன்னல்... இருந்துச்சு. என்னை மன்னி..."

டக்.

ஒரே ஒரு கல் அளவு வெயில் மிச்சம்.

"எழுதுங்க."

கையிலிருந்த மனுவில் எழுதினேன். இங்கே ஜன்னல் இருந்தது... நான் வந்து பார்க்கவில்லை...

"போதும். நீங்க போங்க. அவரை நான் பாத்துக்கறேன்."

கதவு திறந்தது. மூன்று ஐம்பத்திரண்டு.

மறுநாள், வீட்டுக்காரர் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுத் துக்கம் கேட்கப் போனேன். அவர் குடியிருப்பு பத்தாவது மாடியில். முந்தைய நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவராம். அவர் மனைவி அழ முடியாமல் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"திடீர்னு எழுந்து, ஜன்னலைத் திற, ஜன்னலைத் திறன்னு கத்தினாரு அண்ணா. நாலு ஜன்னலும் திறந்துதான் இருந்துச்சு. திரையெல்லாம் காத்துல பறக்குது. அதுக்குக் கீழயே நின்னு மூச்சு முட்டி..."

"எத்தனை மணிக்கும்மா?"

"நாலு மணிக்கு எட்டு நிமிஷம் இருந்துச்சு." தன் விரல்களையே பார்த்தபடி சொன்னார். "அவர் நகத்துக்குள்ள எல்லாம் செங்கல் தூள். எங்கேருந்து வந்துச்சுன்னு டாக்டர் கேக்கறாரு. நான் என்ன சொல்றது? எங்க வீட்ல சுத்தியும் கண்ணாடிதானே அண்ணா..."