செஞ்சியில கிடைச்ச பேரில்லாத சர்ஃப் ரெக்கார்டு

நான் பறிகொடுத்த ரெக்கார்டை இன்னிக்கு ஆன்லைன்ல பார்த்தேன்.

எண்பதுகள்ல செஞ்சி பழைய சாமான் கடையில வாங்கினது. கிடார்லயே கடலலை எழுப்புற சர்ஃப் மியூசிக். லேபிள்ல பேரு இல்ல. யாரு வாசிச்சதுன்னு பல மாசம் விசாரிச்சு, திண்டிவனத்துல ஒரு அம்மாவைக் கண்டுபிடிச்சேன்.

"செத்துப்போன என் வீட்டுக்காரர் வாசிச்சது. இதுவரைக்கும் யாருமே கேட்டதில்ல"ன்னு அழுதாங்க.

மெட்ராஸ்ல ரெக்கார்டு சேர்க்கிற நண்பர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். "கேசட்ல பதிஞ்சுட்டு ஒரே வாரத்துல தர்றேன்"னு வாங்கிட்டுப் போனார். அதோட சரி.

இன்னிக்கு ஆன்லைன்ல அந்த ரெக்கார்டு படத்தோட அவர் போட்ட பதிவு: "நானே தேடிக் கண்டுபிடிச்ச அபூர்வம்." அந்த அம்மா அழுததுகூட அவர்கிட்டதானாம்.

"சார், செஞ்சியில இருந்து நான்தான். ஞாபகம் இருக்குதா?"ன்னு கீழே கமெண்ட்ல கேட்டேன்.

"செஞ்சியா? கோட்டை பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை"ன்னு பதில் போட்டிருக்கார்.

நீங்களே சொல்லுங்க, இதுக்கு இன்னா கமெண்ட் போடறது?