றோசாலிக்கு ஒரு டிக்கட்

தெமோதரையிலிருந்து பதுளைக்குப் பல வருடமாகப் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்த றோசாலி, ஒரு நாளும் டிக்கட் எடுத்ததில்லை. கையில் காசு இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை.

பிறவியிலேயே கண் தெரியாதவள் அவள். பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் டெலிபோன் ஒபரேட்டர். கணீரென்ற குரல், நேர்த்தியான சேலை, மாதாமாதம் வங்கியில் விழும் சம்பளம். ஆனால் பஸ்ஸில் ஏறிவிட்டால் இதெல்லாம் யார் கண்ணிலும் படாது. அவள் நோட்டை நீட்டினால், கண்டக்டர் அதை அவள் உள்ளங்கையிலேயே மடித்து வைத்துவிடுவார். "வச்சிக்கங்க, பாவம்."

அந்த இரக்கத்தோடு ஒரு தொல்லையும் சேர்ந்து வந்தது. றோசாலி இறங்க வேண்டியது ஆஸ்பத்திரிச் சந்தியில். பின்னால் வரும் பஸ்ஸோடு போட்டி போட்டு ஓடுகிற டிரைவருக்கு அங்கே நிறுத்த மனம் வராது. நேரே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவள் வாகன இரைச்சலுக்குள் வெள்ளைப் பிரம்பைத் தட்டிக்கொண்டு ஏற்றத்தில் திரும்பி நடப்பாள். ஒரு தடவை வாய் திறந்து கேட்டாள். பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஓசியில போறவங்களுக்கு எத்தன சட்டம் பாரு!"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பண்டாரவளை - பதுளை ஓடும் அந்த பஸ்ஸுக்கு கார்ட் மெஷின் வரப்போகிறது என்ற செய்தி கந்தோரில் அவள் காதில் விழுந்தது. வங்கி அட்டையை மெஷினில் வைத்தால் போதுமாம், காசு கைமாற வேண்டியதில்லையாம். கந்தோர்க்காரர்கள் சில்லறைத் தொல்லை தீர்ந்தது என்று பேசிக்கொண்டார்கள். றோசாலியின் மனம் வேறு கணக்குப் போட்டது. நோட்டைத் திருப்பித் தரலாம், அட்டையிலிருந்து வெட்டின காசை எப்படித் திருப்பித் தருவார்கள்?

இனி அட்டையில் டிக்கட் எடுக்கப்போவதாக வீட்டில் சொன்னபோது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தேயிலை மலையில் கொழுந்து பறித்தே முதுகு வளைந்தவள் அவள்.

"வேணாமுன்னு அவங்களே சொல்றப்ப, நீ ஏன்டி வம்புக்குக் குடுக்கிற? அந்தக் காசு சேர்ந்தா நாலு நாளைக்கு மரக்கறிக்கு ஆகும்."

"மரக்கறிக்கும் நான்தானம்மா குடுக்கிறேன். பஸ்ஸுக்கும் குடுக்கிறேன்."

மெஷின் வந்த வாரத்திலேயே அவள் கண்டக்டர் றுஷ்தியைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பையன்தான். அவள் ஏறும்போது கைகொடுப்பான், சீட் பார்த்துத் தருவான். மெஷின் அவனுக்கே இன்னும் பழகவில்லை, தோள் பைக்குள் கிடந்தது.

"தம்பி, மெஷின எடுங்க. தெமோதரையில இருந்து ஆஸ்பத்திரிச் சந்திக்கு அடிங்க."

"உங்களுக்கு எதுக்குக்கா? காசு வெட்டிருமே."

"வெட்டட்டும். அதுக்குத்தானே அட்டைய கொண்டுவந்திருக்கேன்."

"எங்க மொதலாளி கேட்டா ஏசுவாரு. உங்ககிட்ட வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"மொதலாளி நல்லவரு. அவர் நல்லா இருக்கணும்னா டிக்கட் விக்கணும். அடிங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கவனித்தார்கள். றுஷ்தி மெஷினில் தட்டினான், ஒரு தடவை தவறி மறுபடியும் தட்டினான். பிறகு அவள் கையைப் பிடிக்கப் போனவன், என்ன நினைத்தானோ, மெஷினை மட்டும் அவள் முன்னால் நீட்டினான். அவள் விரலால் அதன் விளிம்பைத் தடவிப் பார்த்து அட்டையை வைத்தாள். பீப் என்றது. அடுத்த நொடி அவள் கைப்பையிலிருந்த போன், வங்கிக் கணக்கில் எவ்வளவு குறைந்தது என்பதை பஸ் முழுக்கக் கேட்கும்படி வாசித்தது. றோசாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூடு ஆறாத டிக்கட் துண்டை வாங்கி விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டாள்.

பதுளை நெருங்கியதும் டிரைவர் வழக்கம்போல வேகம் எடுத்தார். சந்திக்கு முன்னால் வரும் பாலத்தைத் தாண்டும்போது டயரின் சத்தம் மாறும், அது அவளுக்குத் தெரியும். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, டெலிபோனில் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"டிரைவர் ஐயா, ஆஸ்பத்திரிச் சந்திக்கு டிக்கட் எடுத்திருக்கேன். அங்க நிப்பாட்டுங்க."

"முன்னுக்கு ஸ்டாண்டுல எறங்கலாமே!"

"ஸ்டாண்டுக்கு எடுக்கலீங்க."

டிரைவர் ஏதோ முணுமுணுத்தார். ஆனால் பிரேக் பிடித்தது. அவள் இறங்கியபோது பின்னால் இன்னும் காலடிகள் கேட்டன. கிளினிக்குக்குப் போகிற நோயாளிகள் மூன்று நாலு பேர். அவர்களும் இத்தனை நாளாக ஸ்டாண்டுக்குப் போய்த்தான் திரும்பி நடந்திருக்கிறார்கள். மூச்சு வாங்க ஒரு பெரியவர், "நல்ல காரியம் செஞ்சீங்க மகள்," என்றுவிட்டுப் போனார்.

எல்லா நாளும் சுலபமாக இருக்கவில்லை. மலைத் திருப்பங்களில் மெஷினுக்கு சிக்னல் கிடைக்காது. "இன்னைக்கு விடுங்கக்கா," என்பான் றுஷ்தி. "ஹாலிஎலயில கெடைக்கும், அப்ப வாங்க," என்பாள். முதலில் சலித்துக்கொண்டவன், பிறகு ஹாலிஎல வந்ததும் தானாகவே வந்து நின்றான். ஆஸ்பத்திரிச் சந்தி வருமுன்னே குரல் கொடுக்கவும் பழகினான். அங்கே இறங்குகிறவர்களின் எண்ணிக்கை வாராவாரம் கூடியது. டிரைவரும் முணுமுணுப்பதை விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, றோசாலி தெமோதரையில் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். வேலைக்குப் போவதும் வருவதும் தவிர வேறெதற்கும் அவள் அதுவரை தனியாகப் பஸ் ஏறியதில்லை. அடுத்தவர் தயவில் போகும்போது போக வேண்டிய இடத்துக்கு மட்டும்தானே போக முடியும்? ஆசைப்பட்ட இடத்துக்கெல்லாம் போக மனம் கூசும்.

பஸ் வந்து நின்றது. றுஷ்திக்கு ஆச்சரியம்.

"அக்கா, இது பண்டாரவளைக்குப் போறது!"

"தெரியும். பண்டாரவளைக்கு ஒண்ணு அடிங்க."

"அங்க என்ன வேல?"

"ஒரு வேலையும் இல்ல தம்பி. ஊர் சுத்தப் போறேன்."

அட்டையை வைத்தாள். ஜன்னலோர சீட் ஒன்று காலியாக இருந்தது. கண்ணாடியைத் தள்ளித் திறந்து, முகத்தில் அடிக்கிற குளிர்காற்றோடு அவள் மலையேறினாள்.