ஏழாவது கண்

சத்தியமாக நடந்தது இது. செல்லாயி இன்றும் மலேசியாவில், ஈப்போ நகரில்தான் இருக்கிறாள். கேட்டால் சொல்வாள், உங்கள் கண்ணை மட்டும் பார்க்காமல்.

1988, புதன்கிழமை. கண் கிளினிக்கில் லேசர் இயந்திரத்தைச் சோதிப்பது அவள் வேலை. விழிப்படலத்தின் தழும்பை அது இழைத்து எடுக்கும். வழவழப்பு போதாதென்று டாக்டர் தினமும் எதையாவது திருத்துவார். அவள் அதை ஆட்டுக்கண்களில் சுட்டுப் பார்ப்பாள். மறுநாள் முதல் நோயாளி அவள் அண்ணன் அர்ச்சுனன். சிலிம் ரிவர் தோட்டத்தில், ரப்பர் பால் உறையவைக்கும் ஆசிட் தெறித்து வலது கண் போய்விட்டது. மிஞ்சியது இடது கண். அதிலும் தழும்பு.

பிற்பகல் 2.10. இருட்டறை. இறைச்சிக்கடை ஹுசைன் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

ஏழு கண்கள்.

மூன்று ஆட்டுக்கு ஆறுதானே? ஆட்டின் கண்மணி படுக்கைக் கோடாக இருக்கும். ஏழாவதில்... வட்டம்.

பன்றிக்கண்ணோ? சந்தேகத்தோடு ஹுசைனுக்குப் போன் செய்தாள்.

“நான் தொழுகிற ஆளு, அக்கா. என் கையில பன்றியா? ஆறுதான் எண்ணி வச்சேன்லா.”

டாக்டரிடம் சொன்னாள். அதையும் சுட்டுப் பார் என்றார், நிமிராமலே.

2.40. ஆறு கண்களும் நாற்பது லேசர் துடிப்பில் வழவழவென்று வந்தன. ஏழாவதை வைத்தாள்.

டிக்... டிக்...

கண்மணி சுருங்கியது.

செத்த கண் சுருங்குமா?

டிக்...

அது அவளைப் பார்த்தது.

பன்னிரண்டாவது துடிப்பில்... ஓட்டை. முடி பொசுங்கும் வாடை.

விளக்கைப் போட்டாள்.

தட்டில் ஆறு கண்கள்.

“அண்ணனுக்கு நாளைக்கு வேணாம் டாக்டர்.”

சிரித்தார். அவள் இயந்திரச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டு அண்ணனை வரவேண்டாம் என்றாள்.

சனிக்கிழமை மெக்கானிக் வந்து கழற்றினார். உள்ளே ஒரு கண்ணாடியில் விரிசல். சில சமயம் ஒளி முழுவதும் ஒரே புள்ளியில் பாயும் என்றார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறன்று செல்லாயி சிலிம் ரிவர் போனாள். நடந்ததைச் சொல்ல வாயெடுக்குமுன் அவள் அம்மா நல்லம்மாள் சுவரைக் காட்டினாள். அங்கே அப்பா சன்னாசியின் படம். அவர் இறந்து பதினோரு வருடம்.

“புதன்கிழமை மத்தியானம் முடி பொசுங்குற வாடை அடிச்சிச்சு. திரும்பிப் பார்த்தா, இப்படி இருக்கு.”

படத்தில் இடது கண் கரிந்து, ஊசித் துளை.

மேலிருந்த கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.