மயிலாத்தாள் பேரில் இருந்த வெப்சைட்

காலை ஆறு மணிக்குச் சூலூரில் பஸ் ஏறினால் ஆறரைக்கெல்லாம் சிங்காநல்லூரில் இறங்கிவிடலாம். தேனருவி பம்ப்ஸ் கம்பெனியின் வாட்ச்மேன் அந்நேரத்துக்குத்தான் பல் விளக்கிக்கொண்டிருப்பார். மயிலாத்தாள் அவரிடம் சாவி வாங்கி, டெலிபோன் போர்டு இருக்கும் சின்ன அறையைத் திறந்து, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு நாற்காலியில் தலைசாய்ப்பாள். திரையில் படம் வருவதற்கு ஆகும் இரண்டு நிமிடத்தில் ஒரு குட்டித் தூக்கம் போட அவள் பழகியிருந்தாள்.

அவள் அந்தக் கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர். வயது முப்பத்தொன்று. வெப்சைட் வேலை அவள் தலையில் விழுந்ததற்குப் படிப்போ ஆர்வமோ காரணமில்லை. கம்ப்யூட்டரை இன்டர்நெட்டோடு இணைக்கும் மோடத்தை டெலிபோன் லைனில்தான் மாட்ட வேண்டும். லைன் அவள் பொறுப்பில் இருந்தது. அவ்வளவுதான். 1997இல் ரவிக்குமார் என்ற கம்ப்யூட்டர் சென்டர் வாத்தியார் வந்து பக்கங்களைச் செய்து கொடுத்தார். அமெரிக்காவில் ஒரு கம்பெனியின் சர்வரில் இடம் பிடித்து, அங்கே அவற்றை ஏற்றி வைத்தார். மூன்று நாள் அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டார்.

திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். இடது பக்கம் இங்கே இருக்கும் ஃபைல்கள், வலது பக்கம் சர்வரில் இருப்பவை. இடமிருந்து வலத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு பம்பு படம் போய்ச் சேர ஐந்து நிமிடமாகும். நடுவில் லைன் அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஒன்பது மணிக்கு மேல் அனுப்பினால், "ஏனுங்க, உங்க போனு எந்நேரமும் எங்கேஜ்டாவே இருக்குதுங்க" என்று வியாபாரிகள் குறைப்படுவார்கள். அதனால்தான் இந்தக் காலை பஸ். அவள் கணவன் ஐயாசாமி விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது அவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் செருப்பு மாட்டுகிற நேரம்தான் இருவரும் பேசிக்கொள்கிற நேரம். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

கம்பெனி இரண்டு அண்ணன் தம்பிகளுடையது. மூத்தவர் திருமலைசாமி, இளையவர் சென்னகேசவன். ஆட்கள் பெரியவர், சின்னவர் என்பார்கள். 1999 ஆவணியில் இருவரும் பிரிந்தார்கள். சிங்காநல்லூர் பட்டறை பெரியவருக்கு, சூலூர் ஷெட் சின்னவருக்கு என்று பத்திரம் எழுதினார்கள். லேத்து, லாரி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் பத்திரத்தில் இருந்தது. வெப்சைட்டை யாரும் நினைக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஓமன் நாட்டிலிருந்து நானூறு பம்பு கேட்டு ஒரு ஈமெயில் வந்தது. வெப்சைட்டைப் பார்த்துத்தான் எழுதினோம் என்று அதில் இருந்தது. மயிலாத்தாள் வழக்கம்போல அதைப் பிரிண்ட் எடுத்துப் பெரியவர் மேஜையில் வைத்தாள். மதியத்துக்குள் செய்தி சூலூருக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் பெரியவர் அவளை அழைத்தார்.

"அம்மணி, அந்தப் பக்கத்துல என்ற நெம்பர் மட்டும் இருக்கோணும். தம்பி பேரை எடுத்துப்போடு."

"சரிங்க."

மறுநாள் காலையில் எடுத்தாள். பத்தரைக்குச் சின்னவர் சூலூரிலிருந்து போன் செய்தார். அவர் குரலை உயர்த்துகிறவர் அல்ல.

"மயிலாத்தா, என்ற பேரு எங்கீங்க அம்மணி?"

"பெரியவரு எடுக்கச் சொன்னாருங்க."

"பத்திரத்துல அது அவருதுன்னு எழுதலீங்களே. என்ற பேரைப் போட்டுப்போடு. அவரு பேரு வேண்டாம்."

அவள் என்ன செய்வாள்? இருவரிடமும் பன்னிரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள். மறுநாள் சின்னவர் பேரைப் போட்டாள். பெரியவர் பார்த்துவிட்டுத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்கப்பனுக்கு எங்க தோட்டத்துல ஊடு கட்டிக் குடுத்தது ஆருன்னு நெனப்பிருக்குதா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் அவர் பேர் ஏறியது. அதற்கடுத்த நாள் மறுபடியும் சின்னவர் பேர். பத்தொன்பது நாள் அந்த முதல் பக்கம் இடமிருந்து வலத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. சில நாள் இரண்டு தடவை. எந்தப் பேர் அன்றைக்கு இருக்கிறது என்பது பஸ்ஸில் வரும்போது அவளுக்கே மறந்துபோகும். ஒருநாள் சோற்றுப் பானையில் அரிசி போடாமலே உலையை வற்றவிட்டாள். ஐயாசாமி அடுப்பை அணைத்துவிட்டு, "வேலையை உட்டுப்போடு புள்ள" என்றான். விட்டால் வாடகை எங்கிருந்து என்று அவள் கேட்கவில்லை. அது அவனுக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் அவள் அப்பா மாசாணம் காரமடையிலிருந்து வந்தார். கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. ஆயுசு முழுக்க முதலாளிகளின் தோட்டத்தில் வேலை செய்தவர்.

"சின்னவரு நம்ம ஊட்டுக்கு வந்தாரு கண்ணு. கார்ல வந்தாரு. கயித்துக் கட்டல்ல உக்காந்தாரு."

அது அப்பாவுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தெரியும். முதலாளி வீட்டுக்காரர்கள் யாரும் அதற்கு முன் அப்பாவின் வாசலைத் தாண்டியதில்லை.

"என்ன கேட்டாருங்கப்பா?"

"உன்ட்ட ஏதோ சாவியோ பூட்டோ இருக்குதாமா. அதைக் கேட்டு வாங்கிக் குடுன்னாரு. குடுத்துப்போடு கண்ணு. நமக்கெதுக்கு அவங்க சண்டை."

"சாவி இல்லீங்கப்பா. பாஸ்வேர்டு. ஒரு வார்த்தை."

"வார்த்தைதானே. சொல்லிப்போடு."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். யாருக்குச் சொன்னாலும் இன்னொருவர் அப்பாவின் வீட்டு வாசலுக்கு வருவார். போர்டின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். பிறகு தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அமெரிக்கக் கம்பெனிக்கு ஒரு ஈமெயில் எழுதினாள். இந்த இடம் யாருடையது, யார் சொன்னதைக் கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

இரண்டாம் நாள் பதில் வந்தது. மூன்றே வரி. அக்கவுண்ட் 'எம். மயிலாத்தாள், டெலிபோன் ஆபரேட்டர்' என்ற பேரில் பதிவாகியிருக்கிறது. வேறு யாரும் சொல்லி நாங்கள் எதையும் மாற்ற மாட்டோம். வேறொருவர் பேருக்கு மாற்ற விரும்பினால் நீங்களே கையெழுத்திட்டு ஃபேக்ஸ் அனுப்பவும்.

அவள் மூன்று முறை படித்தாள். ரவிக்குமார் படிவத்தை நிரப்பும்போது, "எப்பவும் போன் பக்கத்துலயே இருக்கறவங்க பேரு கேக்கறான், உங்க பேரையே போட்டுக்கறேங்க" என்று சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. முதலாளிகளின் சொத்து ஒன்று தன் பேரில் இருக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்குப் பெருமையாக இல்லை. ஏற்கெனவே பை நிறையச் சுமந்து வருகிறவள் கையில் இன்னொரு பையைத் திணித்த மாதிரி இருந்தது.

ஆனாலும் மறுநாள் காலையில் அவள் யாரையும் கேட்கவில்லை. முதல் பக்கத்தில் இரண்டு பேரையும் போட்டாள். ஒரே அளவு எழுத்து. சிங்காநல்லூரில் இன்ன பம்பு, சூலூரில் இன்ன பம்பு, இன்ன நம்பர். ஏற்றி முடித்தபோது மணி எட்டு. ஓமன் ஈமெயிலை இரண்டு பிரிண்ட் எடுத்து, ஒன்றைப் பெரியவர் அறையில் வைத்துவிட்டு மற்றதைச் சூலூர் வண்டி டிரைவரிடம் கொடுத்தாள்.

பத்து மணிக்குப் பெரியவர் உள் லைனில் கூப்பிட்டார். அதே நேரம் வெளி லைனில் சின்னவர். இரண்டு விளக்கும் போர்டில் மினுக்கின. ஒருவரைக் காக்கவைத்து ஒருவரிடம் பேசுவதுதான் வழக்கம். அவள் இரண்டு லைனையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் லைன்ல இருக்கீங்க. தனித்தனியாச் சொல்ல எனக்குத் தெம்பில்லீங்க."

அண்ணனும் தம்பியும் பிரிந்த நாளிலிருந்து பேசிக்கொள்ளாதவர்கள்.

"அது என்ற பேர்ல இருக்குதுங்க. நான் கேட்டு வாங்கினதில்லீங்க. எனக்கு வேண்டியதும் இல்லீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட்டு ஆருக்குன்னு சொன்னீங்கன்னா அன்னைக்கே மாத்திக் குடுத்துப்போடறேன். அதுவரைக்கும் ரெண்டு பேரும் இருக்கும். எங்கப்பனுக்குக் கட்டிக் குடுத்த ஊட்டைச் சொல்லிக் காட்டாதீங்க, அவரைத் தேடியும் போகாதீங்க."

பெரியவர்தான் முதலில் பேசினார். அவளிடம் அல்ல. "காரமடைக்குப் போனியா நீ?"

"நீங்க தோட்டத்து ஊட்டைச் சொல்லிக் காட்டுனீங்களாமா?" என்றார் சின்னவர்.

மயிலாத்தாள் காதுக் கருவியைக் கழற்றி வைத்தாள். இருவரும் ஏழு நிமிடம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

அன்றே சமாதானம் ஆகிவிடவில்லை. கையெழுத்துக் காகிதம் வர மார்கழி ஆனது. அதற்குள் ஓமன்காரர்கள் வேறு ஊரில் பம்பு வாங்கிக்கொண்டார்கள். வெப்சைட் பெரியவருக்கு என்று முடிவாயிற்று. சின்னவர் புதிதாக ஒன்று தொடங்கினார். மயிலாத்தாள் ஃபேக்ஸில் கையெழுத்திட்டு அனுப்பினாள். தை மாதம் டிகிரி படித்த ஒரு பெண்ணைப் பெரியவர் அந்த வேலைக்கு வைத்தார். மயிலாத்தாளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை, ஆனால் அதன் பிறகு அவளை அம்மணி என்று அழைக்கவுமில்லை. "ஆபரேட்டர்" என்பார். அது அவளுக்கு உறுத்தியது. இரண்டொரு மாதத்தில் பழகியும் விட்டது.

கோடையில் உக்கடத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஜபருல்லா ஆள் விட்டு அவளைத் தேடினார். கடைக்கும் வெப்சைட் வேண்டும், சனிக்கிழமை மதியம் வந்தால் போதும் என்றார்.

"உங்களுக்கு எல்லாம் தெரியும்னு சொன்னாங்கம்மா."

"கொஞ்சந்தானுங்க தெரியும். உங்ககூட இதுல வேற ஆராச்சும் பங்கு இருக்காங்களா?"

"மச்சான் ஒருத்தர் இருக்கார்."

"அவரையும் சனிக்கிழமை வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்துதான் படிவம் நிரப்போணும்."

ஜபருல்லா சம்மதித்தார். அந்தச் சனிக்கிழமை கடைக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டரில் அவள் லைன் போட்டாள். மூன்று தடவை கிடைக்கவில்லை. ஜபருல்லாவும் மச்சானும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு நான்காவது தடவை டயல் செய்தாள்.